ஒரே வருஷம்... ரெண்டு வழக்கு!

எங்க திருவட்டாறு பக்கம் யார் வீட்டுக்காவது போய் உட்கார்ந்தால், ‘கொஞ்சம் வெள்ளம் குடிக்கேளா?’ என்று கேட்பார்கள். பயந்துவிடாதீர்கள்... இங்கே வெள்ளம் என்றால் தண்ணீர்! ஆதிகேசவப் பெருமாள் கோயிலை மூணு பக்கமும் ஆறு சுற்றி வரும் ஊர். வரப்புத் தகராறுக்குக் கோர்ட் படி ஏறுவோம். குடிக்கிற தண்ணீருக்காக ஏறியவர்களின் கதைக்குப் பாலாற்றங்கரைக்குத்தான் போக வேண்டும்.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை... தோல் பதனிடும் ஊர்கள். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவு. உள்ளே போவது நல்ல தண்ணீர். வெளியே வருவது உப்பும் குரோமியமும் கலந்த கழிவு. அது மண்ணில் இறங்கி, கிணற்றில் ஊறி, கடைசியில் குடத்துக்கே வந்தது.

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் நேராகச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. வாதாடியவர் எம்.சி.மேத்தா. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வின் தீர்ப்பு. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்த கணக்கும் அதில் வருகிறது. ‘அழுக்காக்கியவன்தான் காசு கொடுக்கணும்’ என்பதை இந்த நாட்டின் சட்டம் என்றே கோர்ட் அறிவித்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் பாடம்!

அதே 1996. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஹிங்க்லி என்ற குக்கிராமம். பி.ஜி.அண்ட்.ஈ. கம்பெனியின் குரோமியம் கிணற்றில் கலந்து நோய் வந்தது என்று அறுநூறு பேருக்கு மேல் வழக்குப் போட்டார்கள். 33.3 கோடி டாலரில் சமரசம். ஜூலியா ராபர்ட்ஸ் நடித்த ‘எரின் ப்ரொக்கோவிச்’ பார்த்தீர்களே, அதே கதைதான். வக்கீல்கள் 40 சதவிகிதம் போல எடுத்த பிறகும், தலைக்குச் சராசரி மூணு லட்சம் டாலர் மிஞ்சும்.

நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். அங்கே கலந்தது ‘குரோமியம் ஆறு’, புற்றுநோய் தரும் ரகம். நம் தோல் ஆலைகள் பயன்படுத்துவது பெரும்பாலும் அத்தனை விஷமில்லாத ‘குரோமியம் மூணு’. அதற்காக...?

பி.காம். படித்த பாவத்துக்கு நம்மூர்க் கணக்கையும் போட்டேன். தீர்ப்புக்குப் பின் அமைத்த ஆணையம் 2001-ல் நிர்ணயித்த இழப்பீடு 26.82 கோடி ரூபாய். கட்ட வேண்டியவை 547 ஆலைகள், வாங்க வேண்டியவை 29,193 குடும்பங்கள். வகுத்தால் குடும்பத்துக்கு 9,200 ரூபாய்கூட வரவில்லை. அதுவும் 1991 ஆகஸ்ட் முதல் 1998 டிசம்பர் வரைக்குமாகச் சேர்த்து! மாசத்துக்கு நூறு ரூபாய் சொச்சம்.

ஹிங்க்லிக்காரர்கள் ஆஸ்பத்திரிச் சீட்டோடு போனார்கள். இங்கே கணக்கு நிலத்தையும் விளைச்சலையும் சுற்றியே நின்றுவிட்டது. நிலத்துக்குச் சிட்டா, அடங்கல் உண்டு. வயிற்று வலிக்கும் தோல் அரிப்புக்கும் எந்தக் கிணறு காரணம் என்று எந்த டாக்டர் எழுதித் தருவார்? அந்தச் சீட்டுக்கு முதலில் டாக்டர் ஃபீஸ் கொடுக்க வேண்டுமே!

2025 ஜனவரி 30-ல் இதே பாலாறு விவகாரத்தில் சுப்ரீம் கோர்ட் இன்னொரு தீர்ப்பு சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடு, ஆற்றைச் சுத்தம் செய், கண்காணிக்கக் கமிட்டி போடு என்று. முதல் மனு போட்ட வருஷம் பிறந்த குழந்தைக்கு அதற்குள் முப்பத்து மூணு வயசு!