ஏழா, எட்டா? ஷானன் போட்ட கோடு

முதலில் கொஞ்சம் கொசுவத்தி. 1997. அப்போது இந்த ஊருக்குப் பெயர் கல்கத்தாதான். லேக் மார்க்கெட் பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத். ராத்திரி கட்டணம் குறையும் நேரத்துக்காக வரிசையில் காத்திருந்து, கண்ணாடிக் கதவுக்குள் போய்த் திருநெல்வேலி நம்பரைப் போட்டால், லைனில் மழை பெய்வது போல ஒரே இரைச்சல். தலைக்கு மேல் சிவப்பு எழுத்தில் ரூபாய் ஓடிக்கொண்டிருக்கும். தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம் என்று அம்மா தேதி சொன்னாள். எனக்குக் கேட்டது எட்டாந்தேதி. "எட்டாம்மா?" என்றேன். அவளுக்குக் கேட்டது ஏழா. "ஆமாய்யா" என்றாள். இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். மீட்டரைப் பார்த்தேன், வைத்துவிட்டேன்.

கோரமண்டல் பிடித்து, சென்னையில் நெல்லை எக்ஸ்பிரஸுக்கு மாறி, எட்டாந்தேதி காலையில் வீட்டுக்குப் போனால் வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தங்கச்சிதான் இரண்டு நாள் பேசவில்லை.

அதற்கப்புறம் அம்மா போனில் எண் சொல்லும் முறையே மாறிவிட்டது. "ஆறுக்கு அடுத்த ஏழு, வெள்ளிக்கிழமை" என்பாள். ஒரு வார்த்தையில் முடிவதற்கு நாலு வார்த்தை. இரைச்சலில் எது போனாலும் மிச்சத்தை வைத்துப் பிடித்துவிடலாம். ஆனால் மீட்டர் நாலு மடங்கு ஓடும். தப்பில்லாமல் சேதி போய்ச் சேர எவ்வளவு கூடுதலாகச் சொல்ல வேண்டும்? குறைந்தபட்சம் எவ்வளவு? தொலைத்தொடர்பில் பொட்டி தட்டிப் பிழைக்கிற எனக்கு இந்தக் கேள்வியின் சரித்திரம் ரொம்பப் பிடிக்கும். கொஞ்சம் கணக்கு வரும், பயப்படாதீங்க.

1947. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடம். ரிச்சர்ட் ஹாமிங் என்ற கணக்காளருக்கு அங்கிருந்த ரிலே கணினியில் வார இறுதியில் மட்டும்தான் இடம் கிடைக்கும். அந்த எந்திரத்துக்குத் தன் தவறைக் கண்டுபிடிக்கத் தெரியும், திருத்தத் தெரியாது. வாரநாளில் என்றால் ஆள் வந்து சரிசெய்வார். சனி ஞாயிறில் ஆள் கிடையாது, எந்திரம் அந்த வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அடுத்தடுத்து இரண்டு வாரம் ஹாமிங்கின் வேலை இப்படிப் போனது. தப்பு இருக்கிறது என்று தெரிகிற எந்திரத்துக்கு அது எந்த இடத்தில் என்று ஏன் தெரியக்கூடாது என்று மனுஷருக்குக் கோபம்.

அவர் கண்ட வழி இது. சேதி 4 பிட், காவலுக்கு 3 பிட், மொத்தம் 7. மூன்று காவல் பிட்டுகள் மூன்று ஆமாம்-இல்லை கேள்விகளுக்கான பதில்கள். மொத்தம் 8 விதமாகப் பதில் வரலாம். "தப்பே இல்லை" என்பது ஒன்று, "இத்தனாவது இடத்தில் தப்பு" என்பது ஏழு. எட்டுக்கு எட்டு சரியாகப் போயிற்று, ஒன்றுகூட வீணில்லை.

இதையே மனை போட்டுப் பார்க்கலாம். (நம்மாட்கள் எந்த ஊருக்குப் போனாலும் மனைக் கணக்கு மறக்காது.) 7 பிட்டில் மொத்தம் 128 மனை. வீடு 16. ஒரு பிட் தப்பினால் போய் விழும் 7 மனைகளையும் ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தமாக விட வேண்டும், அப்போதுதான் விழுந்தவன் எந்த வீட்டுக்காரன் என்று தெரியும். ஆக வீட்டுக்கு 8 மனை. 16 x 8 = 128. சந்து பொந்துகூட மிச்சமில்லை. இந்த லேஅவுட்டில் 17ஆவது வீட்டுக்கு யாராலும் இடம் காட்ட முடியாது. ஹாமிங் எல்லை என்பது இதுதான்.

இப்படி இடம் மிச்சமில்லாமல் நிரப்பும் குறிகள் எத்தனை உண்டு? 1949ல் மார்செல் கோலே ஒரே பக்கக் கட்டுரையில் இன்னும் இரண்டு சொன்னார். ஒன்று 23 பிட்டில் 12 சேதி, 3 தப்பு வரை திருத்தும். இன்னொன்று மூன்று குறியீடுகளை வைத்து 11 இடங்களுக்கானது. வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டாவதை அவருக்கு முன்பே, 1947ல், பின்லாந்தில் யுஹானி விர்தாகல்லியோ என்பவர் ஒரு கால்பந்துப் பந்தயப் பத்திரிகையில் எழுதிவிட்டார்! வெற்றி, தோல்வி, டிரா என மூன்று முடிவு, 11 ஆட்டம். 729 சீட்டு போட்டால் அதில் ஒன்றிலாவது 9 ஆட்டம் சரியாக இருக்கும். அதே கணக்கு, ஆள் மட்டும் வேறு. 1973க்குள் ஐரோப்பியக் கணிதக்காரர்கள், முக்கியமாகப் பின்லாந்தின் டியட்டவைனன், வழக்கமான எழுத்துத் தொகுதிகளுக்கு இந்த அளவுகளைத் தவிர வேறு உருப்படியான கச்சிதக் குறி கிடையாது என்று நிரூபித்துக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

இங்கே இந்த ஊர்ப் பெருமையையும் சொல்லியாக வேண்டும். பி.டி. ரோடில் இருக்கும் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். கழகத்தின் சி.ஆர். ராவ் 1947ல் வேறொரு கேள்விக்கு விடை எழுதினார். உரம், விதை, தண்ணீர் என்று பலவற்றை மாற்றி மாற்றிச் சோதிப்பதற்குக் குறைந்தபட்சம் எத்தனை சோதனை வேண்டும்? அவர் போட்ட எல்லையும் ஹாமிங் எல்லையும் ஒரே சட்டையின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அதே கழகத்தில் வளர்ந்து 1949ல் அமெரிக்கா போன ராஜ் சந்திர போஸ், மாணவர் ராய்-சௌதுரியுடன் 1960ல் கொடுத்த குறிகள், தனியாகவே அதைக் கண்ட பிரெஞ்சுக்காரர் ஹொக்கெங்கெமின் பெயரையும் சேர்த்து பி.சி.ஹெச். ஆயின. வயல் சோதனைக் கணக்கு சேட்டிலைட் டிவி வரைக்கும் வந்துவிட்டது.

சரி, பெரியவருக்கு வருவோம். ஹாமிங் வேலை பார்த்த அதே பெல் ஆய்வுக்கூடத்தில் கிளாட் ஷானன், 1948. 100 பிட் அனுப்பினால் 11 புரண்டுபோகும் லைன் ஒன்று இருக்கிறது, எந்த 11 என்று தெரியாது. ஒவ்வொன்றையும் மூன்று தரம் சொல்லிப் பெரும்பான்மை எடுத்தால் தப்பு 100க்கு 3.4 ஆகக் குறையும். ஐந்து தரம் சொன்னால் 1.1. இன்னும் குறைக்க ஏழு, ஒன்பது என்று போய்க்கொண்டே இருக்கணும். தப்பு சைபரை நெருங்கணும் என்றால் செலவு எல்லையில்லாமல் ஏறும் என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஷானன் அப்படி இல்லை என்றார். இந்த லைனுக்குக் கொள்ளளவு பாதி. அதாவது இரண்டு மடங்குக்குத் துளி அதிகமாக அனுப்பினால் போதும், தப்பை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம். இரண்டு மடங்குக்குக் கீழே போனால் எந்தக் கொம்பனாலும் முடியாது.

ஆனால் ஒரு பிட் ஒரு பிட்டாகக் காவல் போடக்கூடாது. ஆயிரக்கணக்கான பிட்டை ஒரே மூட்டையாகக் கட்டிக் காவல் போட வேண்டும். எப்படிக் கட்டுவது? அதைத்தான் அவர் சொல்லவில்லை! கண்ணை மூடிக்கொண்டு எடுத்த குறிகளின் சராசரியே நன்றாக இருக்கும், ஆகவே நல்ல குறி ஒன்று உண்டு என்பதுதான் நிரூபணம். பொண்ணு இந்த ஊரில்தான் இருக்கிறாள், தெருவும் பெயரும் தெரியாது என்கிற மாதிரி.

தேடியவர்கள் 45 வருஷம் தேடினார்கள். ராபர்ட் காலகர் 1960ல் எம்.ஐ.டி.யில் தன் ஆய்வேட்டில் கிட்டத்தட்ட விடையையே எழுதிவிட்டார். அன்றைய கணினிக்கு அதைச் செய்யத் தெம்பில்லை, ஏடு பரணுக்குப் போனது. 1971ல் நடந்த ஒரு கூட்டத்தில் இந்தத் துறையே செத்துவிட்டது என்று பேசினார்களாம். 1993ல் ஜெனீவாவில் பெரூவும் இரண்டு கூட்டாளிகளும், ஷானன் கோட்டுக்கு ஒரு டெசிபலுக்கும் குறைவான தூரத்தில் வந்துவிட்டோம் என்று டர்போ குறியைக் காட்டியபோது, எங்கேயோ கூட்டலில் தப்பு என்றுதான் பலர் நினைத்தார்கள். செய்து பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அதற்கப்புறம்தான் காலகரின் ஏட்டைப் பரணிலிருந்து எடுத்தார்கள். 2001ல் அந்த வகைக் குறி, கோட்டுக்கு 0.0045 டெசிபல் வரை போகலாம் என்று கணக்குக் காட்டியது.

காலகரின் மாணவர் எர்டால் அரிகான், துருக்கிக்காரர். அவர் 2009ல் கொடுத்த போலார் குறிகள்தான் கோட்டைத் தொடும் என்று முழு நிரூபணத்தோடு, செய்து பார்க்கக்கூடிய வேகத்தில் வந்த முதல் குறிகள். இன்றைய 5ஜி போனில் கட்டுப்பாட்டுச் சேதிக்கு மாணவர் குறி, டேட்டாவுக்கு குருவின் குறி. வாத்தியார் பெயர் எடுப்பது ஒரு கொடுப்பினை என்றால், தன் ஏடு 30 வருஷத்துக்கும் மேல் கழித்து உயிர் பெறுவதைப் பார்ப்பது இன்னொரு கொடுப்பினை.

சென்னையில் பிறந்த மது சூடான் 1997ல் செய்ததைச் சொல்லாமல் விட்டால் அம்மா கோபிப்பாள். தப்பு அதிகமாகி எந்த வீடு என்று ஒரே விடை வராவிட்டால், சந்தேகப்படும் வீடுகளின் குட்டிப் பட்டியல் கொடு என்றார். ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த வெங்கடேசன் குருசாமியோடு சேர்ந்து அதை இன்னும் தூரம் கொண்டுபோனார். 1997ல் பூத்தில் எனக்கும் அப்படி ஒரு பட்டியல் கையில் இருந்தது: ஏழு, எட்டு. முன்னாலேயே கிளம்பியிருக்கலாம்.

இப்போது வீடியோ காலில் அம்மா முகம் பளிச்சென்று தெரிகிறது, மீட்டரும் கிடையாது. போன வாரம் பேத்தி பிறந்தநாளுக்கு எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள். பதினேழாம் தேதி என்றேன்.

"பதினாறுக்கு அடுத்த பதினேழுதானே?"