முகமில்லாத கிறிஸ்து

பிரான்சின் ஆல்ப்ஸ் மலைச்சாரலில் அசி என்றோர் ஊர். காசநோயாளருக்கான சுகநிலையங்கள் நிறைந்திருந்த அவ்வூருக்கென மொறிஸ் நொவரினா அமைத்த தேவாலயம், 1950இல் அபிஷேகிக்கப்பட்டது. அதை அணிசெய்யக் குத்தூரியே என்னும் தொமினிக்கன் குரு அழைத்தவர்களைப் பாருங்கள்! முகப்பின் மொசைக், பொதுவுடைமைவாதியான லெஜேயினது. நற்கருணைப் பேழைக் கதவில் மீனை வடித்தவர் பிராக். மஞ்சள் ஓடுகளிலே, கருங்கோடுகளால் மட்டும் புனித தொமினிக்கை நிறுத்தினார் மத்தீஸ். யூதரான லிப்சிற்ஸோ மாதாவின் சிலையைச் செய்து, தாம் முன்னோர் சமயத்தில் வழுவாதவர் என்பதையும் அதிலேயே பொறித்துவைத்தார். அதையும் ஏற்றுக்கொண்டார்களே, அது பெரிது.

பிணக்குக்கு இடமானது பீடத்துச் சிலுவைதான். ஜேர்மெயின் றிஷியே வார்த்த வெண்கலக் கிறிஸ்துவுக்கு முகமில்லை. உடல், பட்டுப்போன மரம்போல. எசாயா கூறும் துன்புறும் ஊழியனையே அவர் மனங்கொண்டிருந்தார். நிந்தனையென்று எதிர்ப்புக் கிளம்ப, 1951இல் ஆயரின் ஆணைப்படி சிலுவை அகற்றப்பட்டது. அதற்காகக் குரல்கொடுத்தவர்கள் யார் என்கிறீர்கள்? கலைஞர்கள் மட்டுமல்லர், சுகநிலையத்து நோயாளரும்தான். தம் உடல் நாளும் உருகுவதைக் கண்டிருந்தவர்களுக்கு அவ்வுருவம் அந்நியமாகவில்லைப் போலும். ஏறக்குறைய இரண்டு தசாப்தங்களின் பின்னரே அது பீடத்துக்கு மீண்டது.