விருந்தும் மருந்தும்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்லிவைத்தவர், முதுகில் பையோடு அயல்நாட்டுக் கிராமத்துக்கு வந்து, இரண்டு வாரம் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டுப் போகும் இளைஞரைப் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் கணக்கு அவருக்குச் சரியாகவே தெரிந்திருக்கிறது. வந்தவருக்குக் காரம் குறைத்துச் சமைப்பது, பாய் விரிப்பது, பாம்பு நடமாடாத வழியைக் காட்டுவது எல்லாம் ஊரின் வேலை. அதற்கு ஈடாக ஊருக்கு என்ன கிடைக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் விருந்தோம்பலுக்கு இழுக்கு. இந்தியச் சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத தொண்டுக்கு அதிகபட்சம் ஒரு மாதம் அனுமதி உண்டு. அந்த ஒரு மாதத்தில் ஊருக்கு என்ன ஆகும் என்பதற்குத் தருமபுரி மாவட்டத்தின் கடந்த காலத்தில் ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. தொண்டுப் பயணம் என்று நாம் ஒரே மூச்சில் சொல்வது இரண்டு வெவ்வேறு காரியம். பயணத்தின் பலன் போகிறவருக்கு. தொண்டின் பலன் ஊருக்கு வந்துசேர வேண்டுமானால், வந்தவர் அங்கே தங்கியிருக்க வேண்டும்.

இந்த வழக்கம் பிறந்த கதையே இதைச் சொல்கிறது. முதல் உலகப் போர் முடிந்ததும், 1920இல், பியர் செரெசோல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் சில நண்பர்களோடு பிரான்சில் வெர்டன் அருகே எஸ்ன் என்ற சிதைந்த ஊரைத் திரும்பக் கட்டப் போனார். கூட வந்தவர்களில் ஜெர்மானியரும் இருந்தார்கள். நேற்றுவரை குண்டு போட்ட நாட்டுக்காரன் இன்று செங்கல் தூக்க வந்தால் ஊர் எப்படிப் பார்க்கும்? சில மாதங்களில் அவர்கள் கிளம்ப வேண்டியதாயிற்று. 1934 ஜனவரியில் பீகாரைப் பூகம்பம் புரட்டிப்போட்டபோது அதே செரெசோல் இந்தியாவுக்கு வந்தார். இம்முறை 1937 வரை திரும்பத் திரும்ப வந்து, முசாபர்பூர்ப் பக்கம் வெள்ளக்காட்டில் கிடந்த கிராமங்களை மேட்டு நிலத்தில் குடியமர்த்தும் வேலையில் நின்றார். மனிதர் மாறவில்லை, தங்கிய காலம்தான் மாறியது. பிரிட்டனில் 1958இல் வி.எஸ்.ஓ. என்ற தொண்டர் அமைப்பு தொடங்கியது, அமெரிக்காவில் 1961இல் அதிபர் கென்னடி அமைதிப் படை (பீஸ் கோர்) என்ற தொண்டர் படையைத் தொடங்கினார். அப்படையிலிருந்து 1976 வரை 4,000 பேருக்கும் மேல் இந்தியா வந்து, பெரும்பாலும் இரண்டு ஆண்டு இருந்தார்கள். கோழி வளர்ப்பு, விவசாயம், பள்ளிக்கூடம் என்று வேலை பார்த்தார்கள். இரண்டு ஆண்டு என்பது இரண்டு வாரத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் மொழி நாவில் படிய ஒரு வருடம் போனால், மிச்சம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தருமபுரிக்கு வெளியூர்க்காரர் புதிதல்ல. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து, தருமபுரி அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, கேப்டன் ரீடின் உதவியாளராகத் தாமஸ் மன்றோ வந்தார். முப்பதைத் தாண்டிய ஸ்காட்லாந்துக்காரர். 1799 வரை ஏழு ஆண்டு. தருமபுரியில் தோட்டம் போட்டு நாளுக்கு ஒரு மணி நேரமாவது அதில் செலவழித்ததையும், ஊரைவிட்டுப் போக மனமில்லாததையும் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவரைத் தொண்டர் என்று சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கத்தான் வேண்டும். வந்தது வரி வாங்க. ஆனால் ஜமீன்தார் நடுவில் இல்லாமல் குடியானவரோடு நேராகக் கணக்கு வைக்கும் ரயத்துவாரி முறை, ஊர் ஊராகக் கூடாரம் போட்டு நிலத்தை அளந்த அந்த ஆண்டுகளில்தான் அவருக்குப் பிடிபட்டது. பின்னாளில் சென்னை மாகாண ஆளுநராக அவர் பெயர் வாங்கியதற்கான பாடத்தை இந்த மண்ணில் படித்தார். கட்டணத்தையும் இந்த மண்ணின் குடியானவரே கட்டினார்கள். வந்தவர் கற்றுக்கொள்கிறார், செலவு ஊருடையது என்ற இந்தக் கணக்கு நல்லெண்ணத்தோடு வருகிறவருக்கும் பொருந்தும் என்பதால்தான் மன்றோவை இங்கே இழுக்கிறேன்.

இன்னொரு வகையினர் வந்து இங்கேயே நின்றவர்கள். வத்தலகுண்டில் பிறந்த விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா, சிறையில் தொழுநோய் தொற்றி, ரயிலில் ஏறத் தடை விதிக்கப்பட்டபின் காலால் நடந்தே நாட்டைச் சுற்றினார். கடைசியில் பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்து, 1925 ஜூலை 23இல் அங்கேயே கண்மூடினார். வடகிழக்கே, அதிக தூரமில்லாத திருப்பத்தூரில், 1921இல் ச. ஏசுதாசன், எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். பேட்டன் பணக்கார ஸ்காட்லாந்துக் குடும்பத்துப் பிள்ளை. கதர் உடுத்தி, 1932இல் சென்னையில் போலீஸ் அடியும் வாங்கி, ஏறக்குறைய அரை நூற்றாண்டு இந்நாட்டிலேயே வாழ்ந்தார்.

இவ்வளவையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கக் கிடைப்பது சித்திலிங்கி. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில், அரூரிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கும் பள்ளத்தாக்கு. பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர்கள் மலையை ஆளும் தமிழர்கள்), ஒரு பகுதி லம்பாடிகள். 1990களின் தொடக்கத்தில் இங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் ஒன்றாகப் படித்த ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதி காந்திகிராம மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு, ஓராண்டு இந்தியா முழுவதும் சுற்றினார்கள். எங்கே வேலை செய்யலாம், எப்படிச் செய்யலாம் என்று தேடிய பயணம் அது. 1993இல் சித்திலிங்கியில் பழங்குடி நல முன்னெடுப்பைத் தொடங்கினார்கள். ஊரார் சேர்ந்து கட்டிய ஒரு கூரைக் குடிசை, பரிசோதிக்க ஒரு மரப் பெஞ்சு, தொங்கும் நூறு வாட் பல்பு. பிரசவமும் சிறு அறுவைச் சிகிச்சையும் தரையில் நடந்தன. பிறகு பத்துப் படுக்கை, இப்போது முப்பத்தைந்து. சிசு மரணம் இருபதை ஒட்டி இறங்கியிருக்கிறது.

இதைச் செய்தது இரண்டு மருத்துவர்கள் என்று பத்திரிகைகள் எழுதுவது பாதி உண்மை. மீதிப் பாதியில் உள்ளூர்ப் பெண்கள் இருக்கிறார்கள். பள்ளிப் படிப்போடு நின்றுபோன மலையாளிப் பெண்களைச் சேர்த்து, பிரசவம் பார்க்கவும், மருந்து கொடுக்கவும், அறுவை அரங்கில் நிற்கவும் பழக்கினார்கள். ஒவ்வொரு சிற்றூரும் தானே தேர்ந்தெடுத்த நடுத்தர வயதுப் பெண்கள், குழந்தையை எடைபோடவும், கர்ப்பிணியை நேரத்தில் அனுப்பவும் கற்றார்கள். இன்ன வீட்டு மருமகளுக்கு எத்தனையாவது மாதம், யார் சொன்னால் அந்த மாமியார் கேட்பார் என்பது வெளியூர் மருத்துவருக்கு முப்பது வருடமானாலும் முழுதாகத் தெரியாது. இவர்களுக்குத் தெரியும். மருத்துவத்தோடு நிற்கவும் இல்லை. இயற்கை விவசாயிகள் சங்கம் வந்தது. சாமையும் கேழ்வரகும் மறுபடி மதிப்புப் பெற்றன. லம்பாடிப் பெண்களின் தையல் வேலை இரண்டு தலைமுறையாகக் கைவிடப்பட்டு, மூத்த பெண்கள் இரண்டொருவர் விரல்களில் மட்டும் மிஞ்சியிருந்தது. அவர்களிடமிருந்தே இளையவர்களுக்குக் கற்பித்து, 2006இல் போர்கை என்ற அமைப்பு தொடங்கியது. லம்பாடி மொழியில் அதற்குப் பெருமை என்று பொருள். ஊசியை எப்படிப் பிடிப்பது என்று அங்கே சொல்லிக்கொடுக்க எந்தத் தொண்டராலும் ஆகியிருக்காது.

இதற்கு மறுப்பாகச் சொல்லக்கூடியவை லேசானவை அல்ல. முதலாவது, குறுகிய காலம் வருகிறவரிடம் அரிய திறமை இருக்கலாமே என்பது. கைதேர்ந்த அறுவை மருத்துவர் மூன்று நாள் முகாமில் பல பேரின் துன்பம் தீர்த்துவிட்டுப் போகிறார். உண்மைதான். ஆனால் முகாமுக்கு முன்பு நோயாளியைக் கண்டுபிடித்து, வீட்டாரைச் சம்மதிக்கவைத்து, அவர் போனபின் கட்டுப் பிரித்துத் தையல் எடுக்க ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இருக்கும் ஊரில்தான் மூன்று நாள் திறமை பயன்படும். தங்கியவரின் முதுகில்தான் வந்துபோகிறவர் ஏறுகிறார். சிந்தனையாளர் இவான் இல்லிச் 1968இல் மெக்சிகோவில் அமெரிக்க மாணவத் தொண்டர்களின் முகத்துக்கு நேரே சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்றார். கொஞ்சம் கடுமைதான். ஆனால் பின்னாளில் கம்போடியாவில், உதவ வரும் பயணிகளுக்காகவே அனாதை இல்லங்கள் பெருகி, அவற்றில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடிருந்தது தெரியவந்தபோது, அந்தக் கடுமை மிகையாகத் தோன்றவில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. இளவயதில் சுற்றியவர்தானே பிறகு ஒரு வேலையில் நிலைக்கிறார்? ஆமாம். சித்திலிங்கியே அதற்குச் சாட்சி. அந்த ஓராண்டுச் சுற்றல் இல்லாமல் 1993இன் குடிசை இல்லை. இளம் மருத்துவர்கள் ஓராண்டு பல கிராம மருத்துவமனைகளுக்குப் போய் இருந்து கற்கும் பயண உதவித்தொகைத் திட்டத்துக்குச் சித்திலிங்கி முன்னின்றதும் அதனால்தான். அதில் போகிறவருக்குப் பெயர் மாணவர். யாரையும் கைதூக்கிவிட வந்தவர் என்ற நினைப்பு அந்தப் பெயரில் இல்லை. பயணத்தை நான் குறை சொல்லவில்லை. அதற்குத் தொண்டு என்று பெயர் சூட்டி, கற்றவரைக் கொடுத்தவராகவும், கொடுத்தவரை வாங்கியவராகவும் காட்டுவதைத்தான் சொல்கிறேன். எல்லோராலும் முப்பது ஆண்டு தங்க முடியுமா என்று கேட்டால், முடியாது. தங்க வேண்டியதும் இல்லை. வந்ததைப் படிப்பு என்று ஒப்புக்கொண்டு, சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் உரிய காசைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

பையைத் தூக்கிக்கொண்டு அயலூர் போவது தருமபுரிப் பிள்ளைகளுக்கும் பழக்கம்தான். பெங்களூருக் கட்டட வேலைக்கும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கும் போகும் பஸ்களில் அந்தப் பைகளைப் பார்க்கலாம். அந்நிய ஊருக்குக் கட்டடம் எழுப்பிக் கொடுக்கும் அவர்களைத் தொண்டர் என்று யாரும் சொல்வதில்லை, படம் எடுப்பதும் இல்லை. இந்த மாவட்டத்துக் கல்லூரிப் பிள்ளைகளில் நேபாளத்துக்கோ ஆப்பிரிக்காவுக்கோ தொண்டுப் பயணம் போக நினைப்பவர்கள் இருந்தால், முதலில் அரூரில் பஸ் ஏறிச் சித்திலிங்கிக்குப் போய்ப் பாருங்கள். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். வெள்ளையடிக்க மட்டும் வேண்டாம்.