போர் ஓய்ந்தபின் தென் திருவிதாங்கூர்



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து களியக்காவிளையில் தமிழகத்தினுள் நுழைகிறது. திருப்புறம் முதலிய சிற்றூர்கள் இவ்வெல்லைக்கு வடபால் கேரளத்தில் அமைந்துள்ளன. அங்கே நாட்டைப் பிரிக்க மலையுமில்லை, பேராறுமில்லை. இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தபின் நிகழ்ந்த பெரும் அரசியல் மாற்றமே அவ்வெல்லையை வகுத்தது.

1942-ல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே, திருவிதாங்கூருக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோயிற்று. பங்கீடும் பஞ்சமும் மக்களை வாட்டின. நெற்களஞ்சியமாகிய நாஞ்சில் நாட்டின் அருமை அப்போது எல்லோர்க்கும் புலனாயிற்று. அதனை இழக்கத் திருவனந்தபுரம் பின்னாளில் தயங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1945-ல் போர் முடிந்தது. அடிமை நாடுகளிலெல்லாம் ‘இனி ஆளப்போவது யார்?’ என்ற வினா எழுந்தது. அவ்வாண்டின் இறுதியில் நாகர்கோவிலில் தமிழர் தமக்கென ஓர் அமைப்பைத் தோற்றுவித்தனர். அதுவே பின்னர்த் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. திவான் சர் சி. பி. இராமசாமி ஐயரோ, சட்டமன்றத்தால் அகற்ற முடியாத திவானைக் கொண்ட அமெரிக்க மாதிரி ஆட்சியை முன்மொழிந்தார். 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனிநாடாகும் என்றும் அறிவித்தார். மக்கள் எதிர்ப்பின் முன் அத்திட்டம் நிலைக்கவில்லை. ஆகஸ்டில் அவர் பதவி விலக, செப்டம்பரில் மன்னர் பொறுப்பாட்சியை அறிவித்தார். 1948 பிப்ரவரியில் வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த தேர்தலில், 120 இடங்களில் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களைப் பெற்றது.

வாக்குரிமை வந்ததும் எல்லாம் நேராகிவிட்டதா? மன்னராட்சியில், 1938-ல், நெய்யாற்றின்கரையில் பொறுப்பாட்சி கேட்ட மக்கள்மீது துப்பாக்கி வெடித்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழகத்தோடு இணையக் கோரியவர்மீது மீண்டும் வெடித்தது. அப்போது முதலமைச்சராக இருந்தவர், பொறுப்பாட்சிப் போரின் முன்னணித் தலைவராக விளங்கிய பட்டம் தாணுப் பிள்ளை. ஆட்சி மக்களுடையதாயினும், சிறுபான்மையோரின் குரல் ஆள்வோர் செவியில் தானே ஏறிவிடுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும், செங்கோட்டையின் ஒரு பகுதியும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நேசமணி முதலிய தலைவர்கள் கோரிய நெய்யாற்றின்கரையும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. நெய்யாற்றின்கரையில் மலையாளம் பேசுவோரே பெரும்பான்மையினர். தேவிகுளம், பீர்மேட்டுத் தமிழரைப் பற்றியோ, அவர்களிற் பலர் தோட்ட வேலைக்கு வந்துபோகும் மக்கள் என்ற வாதம் வலுப்பெற்றது. பிழைப்புக்காக வேற்றூர் வந்தவனின் தலை எண்ணப்படும்போதும் அதன் எடை குறைத்தே மதிக்கப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

எல்லையை எங்கே வரைந்தாலும் இருபுறத்தும் சிலர் எஞ்சுவர். பொறுப்பாட்சியை மலையாளத்தில் ‘உத்தரவாத பரணம்’ என்பர். அங்கே பொறுப்பைக் குறிக்கும் உத்தரவாதம் என்ற சொல், தமிழில் உறுதிமொழியைக் குறிக்கும். எஞ்சியவர்க்கு வேண்டுவன இவ்விரண்டுமே. 1956-ல் அரசியலமைப்பில் சேர்ந்த 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. 350-ஆ பிரிவு அவர்களுக்கெனத் தனி அதிகாரி ஒருவரை வகுத்தது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழர் அரசோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த இடமளித்தது.

வேற்று மாநிலங்களில் வாழும் நேயர்களே! சட்டத்தில் எழுதியது கேட்பாரின்றித் தானே வீடு தேடி வாராது. வாழும் மாநிலத்தின் மொழியைக் கற்று, அங்கே வாக்களித்து, அண்டை வீட்டாரின் நட்பைப் பேணி, நம் குழந்தைகளின் தமிழ் வகுப்பையும் கேட்டுப் பெறுவோமாக. இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று.