மூன்று ஆண்டு வாக்குறுதி

வேலைக்குப் போய்க்கொண்டே மறுபடி படிக்க வருகிறவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரையெல்லாம் பெரும்பாலும் வைராக்கியத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. விடியற்காலையில் எழு, மனதை அலையவிடாதே என்பார்கள். இங்கிலாந்தில் நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த தொழிலாளர் வகுப்புகளின் வரலாற்றைப் பார்த்தால், படிக்கும் பழக்கத்துக்கு வைராக்கியத்தைவிட உறுதியான பிடிமானம் தேவை என்பது புரியும். குறித்த நாள், குறித்த நேரம், எழுதிக் கொடுத்தே ஆக வேண்டிய கட்டுரை, நம் வருகையை எதிர்பார்க்கும் நாலு பேர் ஆகியவைதான் அந்தப் பிடிமானம்.

14 வயதில் பள்ளியை விட்டுக் குமாஸ்தாவான ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் 1903-இல் தொழிலாளர் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். அதற்கு முன்பே 1870-களிலிருந்து பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார்கள். மண்டபம் நிறையக் கூட்டம் வரும். கேட்பார்கள், கலைந்து போவார்கள். பேச்சு நன்றாக இருந்தாலும் கேட்டவர்களில் பலருக்கு வீட்டில் புத்தகத்தை எடுத்துப் புரட்டும் வழக்கம் வரவில்லை. 1908 தொடக்கத்தில் மட்பாண்டத் தொழில் ஊரான லாங்டனிலும், பருத்தி ஆலை நகரமான ராச்டேலிலும் ஆர். எச். டானி என்ற இளம் ஆசிரியரைக் கொண்டு தொடங்கிய வகுப்புகள் வேறு மாதிரி அமைந்தன. வகுப்புக்கு ஏறக்குறைய 30 பேர்தான். ஆண்டுக்கு 24 கூட்டம், ஒவ்வொன்றும் 2 மணி நேரம். முதல் மணி நேரம் ஆசிரியர் பேசுவார்; அடுத்த மணி நேரம் மாணவர்கள் கேள்வி கேட்டு வாதாடுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை. மூன்று ஆண்டுகள் விடாமல் வருவதாக வாக்குக் கொடுத்துத்தான் சேர வேண்டும். தேவையான நூல்கள் பெட்டி பெட்டியாக வகுப்புக்கே வந்து சேர்ந்தன.

இதில் கட்டுரைதான் பெரும்பாடு. பகலெல்லாம் களிமண்ணோடும் தறியோடும் உழைத்த கைக்கு இரவில் பேனா பிடிப்பது எளிதல்ல. ஆனாலும் அந்தக் கட்டுரைதான் வாசிப்புக்கு ஒரு நோக்கம் கொடுத்தது என்பது என் கணிப்பு. எழுத வேண்டியிருப்பவர் தேடிப் படிப்பார். ஒரு பத்தியை இரண்டாம் முறை பார்ப்பார்.

படிக்கும் தாகம் முன்பே உள்ளவர்கள்தானே அங்கே வந்தார்கள், பழக்கத்தை வகுப்பு உண்டாக்கியது என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது; ஆர்வமில்லாதவர் யாரும் மூன்று ஆண்டுக்கு வாக்குக் கொடுத்திருக்க மாட்டார். ஆனால் பழைய சொற்பொழிவு மண்டபத்துக்கு வந்தவர்களுக்கும் ஆர்வம் இருந்ததே! ஏற்பாடு மாறியபோதுதான் பலன் மாறியது. லாங்டன் மாணவர்கள் தாங்கள் கற்றதோடு நிற்காமல், சுற்றியிருந்த சுரங்கக் கிராமங்களுக்குப் போய்ப் பாடம் நடத்தினார்கள். 1911-இல் அது வட ஸ்டாஃபோர்ட்ஷயர் சுரங்கத் தொழிலாளர்களின் உயர்கல்வி இயக்கமாக வளர்ந்தது. இடையில் நின்றவர்களும் உண்டு. ஓவர்டைமும் ஷிஃப்ட் மாற்றமும் வேலையிழப்பும் அவர்களை விலக்கின. அதை மன உறுதியின் குறை என்று எழுதுவது அநியாயம்.

இன்று வீட்டிலிருந்தே தனியாகப் படித்துப் பட்டம் வாங்குகிறார்களே என்பது அடுத்த மறுப்பு. 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்த பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முன் தகுதி எதையும் கேட்கவில்லை; பாடத்தை பிபிசி வழியாக வீட்டுக்கே அனுப்பியது. ஆனால் ஒலிபரப்பை மட்டும் நம்பி விட்டுவிடவில்லை. கெடு தேதியோடு ஒப்படைப்புகள், அவற்றைத் திருத்தி எழுதி அனுப்பும் ஆசிரியர், கோடையில் ஒரு வாரம் நேரில் கூடும் வகுப்பு என அந்தத் தொழிலாளர் வகுப்புகளின் கூறுகளையே வேறு வடிவில் கொண்டுவந்தது. 1985-இல் தொடங்கிய நம் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் ஒப்படைப்பும் படிப்பு மையமும் இருப்பது இதனால்தான். அந்த ஒப்படைப்புகளை வெறும் மதிப்பெண் சடங்காக நினைத்து, கடையில் விற்கும் தயார் விடையைப் பார்த்து எழுதிக் கொடுப்பவர் தன் படிப்பின் முதுகெலும்பையே விற்றுவிடுகிறார். 40 வயதில் புத்தகம் திறப்பவர்கள் முதலில் படிப்பு மையத்தில் கூடப் படிக்கும் இரண்டு பேரைத் தேடிப் பிடியுங்கள். வாரத்தில் ஒரு மாலையை அவர்களோடு சேர்ந்து குறித்து வையுங்கள்.