மாதிரியெடுப்பும் சாய்வும் ஆய்வு வடிவமைப்பும்

ஒரு பெருந்தொகுதியின் இயல்பை அதன் சிறு பகுதியைக் கொண்டு மதிப்பிடும் புள்ளியியல் முறை மாதிரியெடுப்பு எனப்படும். யாரைப் பற்றி அல்லது எதைப் பற்றி அறிய விரும்புகிறோமோ அது முழுமைத்தொகுதி. அதிலிருந்து தேர்ந்து ஆராயப்படும் பகுதி மாதிரி. தேர்வுக்குக் கையில் இருக்கும் வாக்காளர் பட்டியல், கிராமப் பட்டியல், பள்ளிப் பதிவேடு போன்றவை மாதிரிச் சட்டகம்.

மாதிரி தரும் விடை முழுமைத்தொகுதியின் உண்மையிலிருந்து ஓரளவு விலகியே இருக்கும். அந்த விலகல் இரு வகைப்படும். இந்த ஆட்கள் தற்செயலாகத் தேர்வானார்கள், வேறு சிலர் தேர்வாகவில்லை என்பதால் வருவது மாதிரிப் பிழை. மாதிரி பெரிதானால் அது குறையும். தேர்ந்த முறையிலோ கேட்ட முறையிலோ அளந்த முறையிலோ உள்ள கோளாறால் விடை எப்போதும் ஒரே பக்கமாக விலகுவது சாய்வு. மாதிரி எவ்வளவு பெரிதானாலும் அது குறையாது. தவறான விடைக்குப் பெரிய எண்ணிக்கை நம்பகத்தன்மை சேர்த்துவிடுவதால் கேடு கூடவும் செய்யும். தொடக்கப் பாடத்தில் மாணவர் வேறு எதை மறந்தாலும் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

பெரிய மாதிரி, தவறான விடை

1936-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் கார் பதிவேடுகளிலிருந்தும் எடுக்கப்பட்டது. ஏறத்தாழ 24 லட்சம் சீட்டுகள் திரும்பி வந்தன. குடியரசுக் கட்சியின் லாண்டன் 57 சதவீத வாக்கு பெறுவார், அப்போது அதிபராக இருந்த ரூஸ்வெல்ட் 43 சதவீதத்தில் நின்றுவிடுவார் என்று இதழ் கணித்தது. ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத வாக்குடன் வென்றார். இரண்டே மாநிலங்கள் லாண்டனுக்குக் கிடைத்தன. ஏறத்தாழ 50,000 பேரைக் கொண்டு கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் செய்த ஆய்வு வெற்றியாளரைச் சரியாகச் சொல்லியிருந்தது.

அந்தப் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் வசதியானவர்கள். ஆகவே சட்டகமே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இதுவே வழக்கமான விளக்கம். ஆனால் அது பாதிதான். சீட்டைப் பெற்ற நால்வரில் மூவர் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பியவர்களிலோ ரூஸ்வெல்ட் மீது கோபம் கொண்டவர்கள் மிகுதி. இதற்குப் பதிலளியாமைச் சாய்வு என்று பெயர். இணையத்தில் விருப்பமுள்ளோர் மட்டும் சொடுக்கும் கருத்துக்கணிப்புகளில் இன்றும் இருப்பது இதே குறைதான். அங்கே எத்தனை லட்சம் பேர் வாக்களித்தார்கள் என்பது ஒன்றையும் நிறுவாது.

சமவாய்ப்புத் தேர்வு

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, நீரும் சூடும் எல்லாப் பருக்கைக்கும் ஏறத்தாழ ஒன்றுபோல் சேர்வதால் பலிக்கிறது. ஒரு மாவட்டத்து மக்கள் அப்படிக் கலந்து வாழ்வதில்லை. ஆற்றுப் பாசன ஊர் ஓரிடம், மானாவாரி ஊர் ஓரிடம், மலையூர் ஓரிடம். ஆகவே கலக்கும் வேலையைத் தேர்வு முறையே செய்தாக வேண்டும். எளிய சமவாய்ப்பு மாதிரியில் குலுக்கலோ சமவாய்ப்பு எண்களோதான் ஆளைத் தேர்கின்றன. ஆய்வாளரின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை.

நன்கு யோசித்து ‘பொருத்தமான’ மாதிரியை நாமே பொறுக்கினால் என்ன? இத்தாலியில் புள்ளியியலாளர்கள் கொராடோ ஜினியும் லூயிஜி கல்வானியும் அதையே செய்தார்கள். நாட்டின் 214 வட்டங்களிலிருந்து, சில பண்புகளின் சராசரி நாட்டுச் சராசரியோடு ஒத்துப்போகுமாறு 29 வட்டங்களைத் தேர்ந்தார்கள். அந்தப் பண்புகள் ஒத்தன. மற்ற பண்புகளில் மாதிரி நாட்டிலிருந்து பெரிதும் விலகியது. புள்ளியியலாளர் ஜெர்சி நெய்மன் 1934-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் இந்த அனுபவத்தை எடுத்துக்காட்டி, சமவாய்ப்புத் தேர்வின் பக்கம் வாதிட்டார்.

சமவாய்ப்புத் தேர்வு பிழையை ஒழிப்பதில்லை. பிழையின் அளவை முன்கூட்டிக் கணக்கிட வழி செய்கிறது. 1,000 பேர் கொண்ட எளிய சமவாய்ப்பு மாதிரியில், சதவீத மதிப்பீடு 95 சதவீத நம்பிக்கை அளவில் மேலும் கீழும் சுமார் 3 புள்ளிகளுக்குள் அமையும். இந்த இடைவெளியைப் பாதியாக்க மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும். முழுமைத்தொகுதியின் அளவு இக்கணக்கில் ஏறத்தாழ நுழைவதே இல்லை: ஒரு பெருநகருக்கும் ஒரு நாட்டுக்கும் அதே 1,000 பேர் அதே துல்லியத்தைத் தருவார்கள்.

நடைமுறையில் தேர்வு பல கட்டங்களாக நடக்கும். தொகுதியை நகர்ப்புறம், ஊர்ப்புறம் என்பதுபோல் பிரித்து ஒவ்வொன்றிலும் தனியே தேர்வது படுகை முறை. செலவைக் குறைக்கச் சில ஊர்களை முதலில் தேர்ந்து அவற்றுக்குள் மட்டும் வீடுகளைத் தேர்வது கொத்து முறை. 2019–21-இல் நடந்த இந்தியாவின் ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வு இரண்டையும் கையாண்டது. தேர்வான ஒவ்வொரு கொத்திலும் 22 வீடுகள் தேர்ந்தெடுக்கப்பட்டன.

அளவீட்டில் நுழையும் சாய்வு

தேர்வு சரியாக அமைந்தபின்னும் அளக்கும் கையில் சாய்வு நுழையலாம். இந்தியப் புள்ளியியல் இதில் உலகுக்கே பாடம் தந்தது. கல்கத்தாவில் 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய பி. சி. மகாலனோபிஸ், 1937 முதல் வங்காளத்தில் சணல் பரப்பை மாதிரி முறையில் மதிப்பிட்டார். ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து இரு வேறு குழுக்களை அனுப்புவது அவரது உத்தி. இரண்டு விடைகளும் எதிர்பார்த்ததற்கு மேல் விலகினால் களப்பணியில் கோளாறு என்று தெரிந்துவிடும். பணியாளரைக் குற்றம் சொல்லாமல், தவறு தானே வெளிப்படும்படி முறையை அமைத்தது பெரிய சிந்தனை.

பயிர் அறுவடைப் பரிசோதனையில் எழுந்த சிக்கல் இன்னும் நுட்பமானது. வயலில் ஒரு சிறு பகுதியைக் கயிறு கட்டி அறுத்து, எடை போட்டு, விளைச்சலை மதிப்பிடுவார்கள். பகுதி மிகச் சிறிதாக இருந்தால் மதிப்பீடு உண்மையைவிடக் கூடுதலாகவே வருவதை 1940-களில் புள்ளியியலாளர் பி. வி. சுகாத்மே களச் சோதனைகளால் காட்டினார். எல்லையில் நிற்கும் தூர்தான் காரணம். கயிற்றின் மேல் நிற்கும் தூரை உள்ளே சேர்ப்பதா, வெளியே விடுவதா என்ற ஐயம் வரும்போது கை அதை உள்ளே சேர்க்கவே முனையும். ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 4 மீட்டர் எல்லை உண்டு. ஐந்து மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் 0.8 மீட்டர்தான். பரப்பு பெரிதாக ஆக, எல்லைத் தவறின் பங்கு சுருங்குகிறது. நெல்லுக்கு ஐந்துக்கு ஐந்து மீட்டர் சதுரம் அளப்பதும், அதன் மூலை எங்கே விழ வேண்டும் என்பதைச் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு முடிவு செய்வதும் வெறும் சடங்கல்ல. பயிர்க் காப்பீட்டு இழப்பீடு இந்த எடையைப் பொறுத்திருக்கும்போது, அந்த மூலையை யாரும் கண்ணால் பார்த்துத் தேரக் கூடாது.

ஒப்பிடும் ஆய்வுகள்

“எவ்வளவு?” என்று கேட்கும் ஆய்வுக்கு மாதிரி போதும். “இதனால்தானா?” என்று கேட்க ஒப்பீடு வேண்டும். ஒப்பிடப்படும் இரு குழுக்களும் மற்ற எல்லாவற்றிலும் ஒத்திருக்க வேண்டும். ஒத்திராமல் விடையைத் திரிக்கும் காரணி குழப்பக் காரணி எனப்படும். 1954-இல் அமெரிக்காவில் ஜோனஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசியைச் சோதித்தபோது இரண்டு வடிவமைப்புகள் பக்கம் பக்கமாக நடந்தன. அந்த ஒப்பீட்டை விடச் சிறந்த பாடம் இத்துறையில் அரிது.

முதல் வடிவமைப்பில், பெற்றோர் ஒப்புதல் தந்த இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி. ஒப்பீட்டுக்கு முதல், மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் எல்லோரும். முறையே லட்சத்துக்கு 25 பேருக்கும் 54 பேருக்கும் நோய் கண்டது. இரண்டாம் வடிவமைப்பில், ஒப்புதல் தந்த குழந்தைகளுக்குள்ளேயே சமவாய்ப்பு முறையில் பாதிப் பேருக்குத் தடுப்பூசி, பாதிப் பேருக்கு மருந்தில்லா ஊசி. யாருக்கு எது என்பது குழந்தைக்கும் தெரியாது, நோயைக் கண்டறியும் மருத்துவருக்கும் தெரியாது. இங்கே நோய் முறையே லட்சத்துக்கு 28, 71.

இனி, இந்த இரண்டாம் வடிவமைப்பில் ஒப்புதல் தராத குடும்பங்களின் குழந்தைகளைப் பார்க்க வேண்டும். அவர்களில் லட்சத்துக்கு 46 பேருக்கு நோய் வந்தது. மருந்தில்லா ஊசி போட்டவர்களும் இவர்களும் தடுப்பூசி பெறாதவர்களே. ஆனாலும் 71, 46 என்ற இடைவெளி. வசதியும் படிப்பும் மிகுந்த குடும்பங்கள் கூடுதலாக ஒப்புதல் தந்தன. சுகாதாரமான சூழலில் வளரும் குழந்தைக்குப் போலியோ கடுமையாக வரும் வாய்ப்பு அதிகம். நெரிசலான, சுகாதாரம் குறைந்த சூழலில் கைக்குழந்தைப் பருவத்திலேயே, தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் காக்கும்போதே, கிருமி தொற்றி லேசாகக் கடந்துவிடும். ஆகவே முதல் வடிவமைப்பு, ஆபத்து மிகுந்த குழந்தைகளை மட்டும் தடுப்பூசிப் பக்கத்திலும் எல்லா வகைக் குழந்தைகளையும் எதிர்ப்பக்கத்திலும் நிறுத்திவிட்டது. தடுப்பூசியின் பயன் அதில் உள்ளதைவிடக் குறைவாகத் தெரிந்தது.

சென்னையின் பங்கு

சமவாய்ப்பு ஒதுக்கீடு மருத்துவக் கொள்கையை மாற்றிய இன்னொரு ஆய்வு சென்னையில் நடந்தது. 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்தது: ஒரு பிரிவினர் சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில், மறு பிரிவினர் தங்கள் வீட்டிலேயே. இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகள். மருத்துவரே முடிவு செய்திருந்தால் நோய் முற்றியவர்கள் சானடோரியத்துக்குப் போயிருப்பார்கள், ஒப்பீடு வீணாகியிருக்கும். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலிலும் குறைந்த உணவிலும் வாழ்ந்தார்கள். சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் இருந்தன. இருந்தும், 1959-இல் வெளியான முடிவுகளில் வீட்டுச் சிகிச்சை ஏறத்தாழ அதே அளவு பலன் தந்தது; வீட்டாருக்குத் தொற்றும் ஆபத்தும் கூடவில்லை. படுக்கை கிடைக்காத எத்தனையோ ஏழை நோயாளிகளுக்கு இது வழி திறந்தது.

எல்லாவற்றையும் இப்படி ஒதுக்கீடு செய்ய முடியாது. யாரையும் புகைபிடிக்கச் சொல்லி ஆராய்வது அறமாகாது. ஆகவே ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1951 முதல் பிரிட்டிஷ் மருத்துவர்களை, அவரவர் பழக்கத்தைக் குறித்துக்கொண்டு, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். இத்தகைய நோக்கீட்டு ஆய்வில் குழப்பக் காரணிகளை ஒவ்வொன்றாகத் தேடி விலக்கும் பொறுப்பு ஆய்வாளருடையது.

ஒதுக்கீடு சரியாக இருந்தாலும் முடிவு எந்த மக்களுக்குப் பொருந்தும் என்பது தனிக் கேள்வி. பி.சி.ஜி. தடுப்பூசி பிரிட்டனில் பள்ளி முடிக்கும் வயதினரிடம் நடந்த சோதனையில் காசநோயிலிருந்து நல்ல பாதுகாப்புத் தந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968–71-இல் மக்களைச் சேர்த்து, சமவாய்ப்பு ஒதுக்கீட்டுடன் நடத்திய மிகப் பெரிய சோதனையிலோ, 15 ஆண்டுத் தொடர் கண்காணிப்புக்குப் பின்னும் பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு அது தடுப்பாகவில்லை. அந்தந்த நிலத்திலும் நீரிலும் உள்ள, காசநோய்க் கிருமிக்கு உறவான மற்ற நுண்ணுயிர்கள் மக்களின் எதிர்ப்பாற்றலை முன்னமே மாற்றியிருக்கலாம் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.