ஒப்புமை வேறு, களவு வேறு: இணையவழி இடுபணி ஒப்படைப்பின் வரலாறு

நள்ளிரவுக்குச் சற்று முன்னர் ஒரு மாணவர் தம் இடுபணியை இணையத்தில் ஏற்றுகிறார். சிறிது நேரத்தில் 'ஒப்புமை 34 விழுக்காடு' என்றோர் எண் திரையில் வந்து நிற்கிறது. அதைக் கண்டு மாணவர் அஞ்சுவதும் விரிவுரையாளர் ஐயுறுவதும் இன்று பல்கலைக்கழகங்களில் இயல்பாகிவிட்ட காட்சிகள். அந்த எண் எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லவில்லை என்பதை அறிய வேண்டுமாயின் அது பிறந்து வளர்ந்த கதையை அறிதல் வேண்டும். இவ்வுரையில் நாம் எடுத்துக்கொண்டது அக்கதையே.

கட்டுரைகளை ஒப்பிடுவதற்கு முன்பே கணினி நிரல்களை ஒப்பிடும் முயற்சி தொடங்கிவிட்டது. 1976இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் ஓட்டன்ஸ்டைன், ஃபோர்ட்ரான் மொழியில் மாணவர் எழுதிய நிரல்களிலுள்ள குறிகளை எண்ணி ஒப்பிடும் முறை ஒன்றை வெளியிட்டார். எண்ணிக்கைகள் ஒத்துவந்த நிரல்களை ஆசிரியர் தனியே எடுத்துப் படிப்பார். 1994இல் பெர்க்லியில் அலெக்ஸ் எய்க்கன் உருவாக்கிய 'மாஸ்' என்னும் கருவியின் பெயர் விரிவு, 'மென்பொருள் ஒப்புமையின் அளவு' என்று பொருள்படும். திருட்டின் அளவு என்று அவர் அதற்குப் பெயரிடவில்லை. பெயரிட்டவரின் இந்த நிதானம் பின்வந்தோர் பலரிடம் இல்லாமற் போயிற்று.

அதே பெர்க்லியில் ஜான் பேரி என்னும் ஆய்வு மாணவர், மாணவர்கள் தம்முள் ஒருவர் கட்டுரையை மற்றவர் படித்துக் கருத்துரைப்பதற்காக ஓர் இணையத்தளம் அமைத்தார். ஏற்றப்பட்ட கட்டுரைகள் வேறு வகுப்புகளில் மீண்டும் தலைகாட்டுவதை அவர் கண்டார். அந்த அனுபவத்திலிருந்து எழுந்ததே 1998இல் தோன்றிய 'டர்னிட்டின்' நிறுவனம். இத்தகைய மென்பொருள் பொருளுணர்ந்து படிப்பதில்லை. கட்டுரையைச் சிறு சிறு சொற்றொடர்களாக நறுக்கி, ஒவ்வொன்றையும் ஓர் எண்ணாக மாற்றி, கைரேகை போலச் சேமித்து, முன்பே சேமித்தவற்றோடு பொருத்திப் பார்க்கிறது. பொருந்திய பகுதி மொத்தத்தில் எவ்வளவு என்பதே நாம் காணும் விழுக்காடு.

இவ்வரலாற்றில் நாம் நின்று நோக்க வேண்டிய இடம் வர்ஜீனியாப் பல்கலைக்கழகம். அங்கே 1842 முதல் தன்மான உறுதிமொழி என்னும் மரபு உண்டு. தேர்வில் ஏமாற்றவில்லை என்று மாணவர் உறுதிகூறுவார். மீறியோரை விசாரிக்கும் குழுவும் மாணவர்களுடையதே. குற்றம் மெய்ப்பட்டால் நெடுங்காலம் ஒரே தண்டனைதான் இருந்தது: பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கம். 2001இல் இயற்பியல் பேராசிரியர் லூயிஸ் புளூம்ஃபீல்டிடம், வகுப்பில் சிலர் பிறர் கட்டுரைகளைப் படியெடுத்து உயர்ந்த மதிப்பெண் பெறுகின்றனர் என்று ஒரு மாணவர் முறையிட்டார். கட்டுரைகள் மின்வடிவில் பெறப்பட்டிருந்தமையால், பல பருவங்களின் தொகுப்பு பேராசிரியர் கைவசம் இருந்தது. தொடர்ந்து ஆறு சொற்கள் ஒத்துவரும் இடங்களைத் தேடும் நிரல் ஒன்றை அவரே எழுதி ஓடவிட்டார். முதற்கட்டமாக 122 மாணவர் பெயர்கள் குழுவின் முன் சென்றன. பின்னர் அத்தொகை 150ஐத் தாண்டியது.

குழுவினர் ஓராண்டுக்கு மேலாக ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். இரு கட்டுரைகள் ஒத்திருந்தால் எழுதியவர் ஒருவர், எடுத்தவர் மற்றொருவர். நிரலுக்கோ இருவரும் ஒன்றே. தாம் எழுதியதைப் பிறர் எடுத்ததையே அறியாத மாணவரும் குற்றப்பட்டியலில் நின்றார். முடிவில் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டனர். நாற்பதுக்கும் மேற்பட்டோர் பல்கலைக்கழகத்தை இழந்தனர். எண்ணை மட்டும் நம்பித் தண்டித்திருந்தால் எத்தனை பேர் வாழ்வு சிதைந்திருக்கும் என்பதை ஆசிரியராகிய நாம் எண்ணிப் பார்த்தல் தகும்.

மாணவர் எழுதியது யாருக்கு உரியது என்னும் வினாவும் எழுந்தது. வர்ஜீனியா, அரிசோனா மாநிலங்களின் உயர்நிலைப்பள்ளி மாணவர் நால்வர், தம் கட்டுரைகளை இசைவின்றிச் சேமித்துவைப்பது காப்புரிமை மீறல் என்று 2007இல் வழக்குத் தொடுத்தனர். 2008இல் கீழ்நீதிமன்றமும் 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது நியாயமான பயன்பாடே என்று தீர்ப்பளித்தன. வழக்கில் தோற்றாலும் அம்மாணவர் கேட்ட கேள்வி சிறியதன்று என்பதே நம் கருத்து.

இதற்கிடையே ஒப்படைக்கும் முறையே மாறிவந்தது. 1996இல் கனடாவில் 'வெப்சிடி', 1998இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 'ஐவிஎல்இ', 2002இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து 'மூடில்' என இணைய வகுப்பறைகள் தோன்றின. துறை அலுவலகப் பெட்டியில் தாளை இட்டு, எழுத்தர் கையொப்பம் பெற்ற காலம் மெல்ல மறைந்தது. ஒப்படைக்கும் இடத்திலேயே ஒப்பிடும் மென்பொருளும் இணைக்கப்பட்டபோது ஒரு தலைகீழ் மாற்றம் நேர்ந்தது. முன்பு ஆசிரியர் படித்தார், ஐயுற்றார், பிறகு தேடினார். இப்போது தேடல் முதலில் முடிந்துவிடுகிறது. ஐயமும் அதனுடன் வருகிறது. படிப்பு கடைசியில் நிகழ்கிறது. சில வேளைகளில் படிப்பே நிகழ்வதில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

அமைப்பு விவரங்களும் எண்ணை ஆட்டிவைக்கும். வரைவைச் சேமிக்கும்படி அமைத்துவிட்டால், அதே மாணவரின் திருத்திய படி வேறொரு தொகுப்பில் ஏறும்போது தன்னோடு தானே ஒத்துப்போகும். முகப்புத்தாள், வினாவாசகம், துணைநூற்பட்டியல் ஆகியனவும் ஒப்புமையில் சேரும்; அவற்றை நீக்கிக் கணக்கிடுமாறு ஆசிரியர்தாம் அமைக்க வேண்டும்.

தமிழில் எழுதும் மாணவர் நிலை இன்னும் சிக்கலானது. தமிழ் 1991இலேயே ஒருங்குறியில் இடம்பெற்றது. ஆயினும் நெடுங்காலம் நாம் வெவ்வேறு எழுத்துருக்களில் தட்டச்சு செய்தோம்; ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குறியாக்கம். திரையில் தமிழாகத் தோன்றுவது கணினிக்கு உள்ளே பொருளற்ற உரோம எழுத்துக் கோவையாகவே இருக்கும். இச்சிக்கலைத் தீர்க்கவே 1997இலும் 2000இலும் சிங்கப்பூரிலும் 2001இல் கோலாலம்பூரிலும் தமிழிணைய மாநாடுகளில் அறிஞர் கூடி விவாதித்தனர். பழைய எழுத்துருவில் அமைந்த ஆய்வேட்டை அப்படியே படியெடுத்து ஒருங்குறியில் மாற்றி ஒப்படைத்தாலும், பழையது கைரேகையாகப் பதிவாகாதவரை மென்பொருள் அதனை அறியாது.

ஒருங்குறியிலும் நம் மொழி மென்பொருளுக்கு எளிதில் வசப்படுவதில்லை. 'எனக் கூறினார்' என்பதில் வல்லொற்றை விட்டு 'என கூறினார்' என்று எழுதினால் சொல் வேறாகிறது. 'எழுதிக்கொண்டிருந்தார்' என்பதைச் சேர்த்தும் பிரித்தும் எழுதலாம், சொற்கணக்கு மாறும். ஒற்றுப்பிழையோடு படியெடுத்தவர் தப்பிவிடுவார். இலக்கணம் பிழையாது மேற்கோள் காட்டியவர் அகப்படுவார். வேடிக்கையாகத் தோன்றினும் இது நேரக்கூடியதே.

மேற்கோளைப் பற்றி ஒன்று கூற வேண்டும். இந்தியப் பல்கலைக்கழக மானியக்குழு 2018இல் வகுத்த விதிகளின்படி ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரை ஒப்புமைக்குத் தண்டனையில்லை. அதற்கு மேல் 40 வரை திருத்தி மீண்டும் ஒப்படைக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். தற்செயலாகத் தொடர்ந்து ஒத்துவரும் 14 சொற்கள் வரை விலக்குண்டு. ஆங்கிலத்தில் 14 சொற்கள் ஒரு வாக்கியம் ஆகலாம். தமிழிலோ ஒரு குறளுக்கு ஏழு சீர். நேரிசை வெண்பாவுக்குப் பதினைந்து. புளூம்ஃபீல்டின் ஆறு சொல் வலையில் எந்தக் குறளும் சிக்கிவிடும்! மேற்கோள் குறியிடாமல் அடியடியாகப் பாடலை எழுதும் நம் வழக்கத்தால், சங்கப்பாடல் ஆய்வுகளில் ஒப்புமை உயர்வது இயல்பு.

கடன்பெறுதலை நம் இலக்கணிகள் அறியாதவர் அல்லர். தொல்காப்பிய மரபியல் முதல்நூலையும் வழிநூலையும் பிரித்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக வகுக்கிறது. நன்னூலார் சார்புநூலையும் சேர்த்து மூவகை கூறியதோடு, முன்னோர் சொல்லை அவ்வாறே எடுத்தாள்வதையும் போற்றத்தக்கதாகக் கொண்டார். ஆனால் அந்நூல் யார் வழிவந்தது என்பதைப் பாயிரத்தில் சொல்லியாக வேண்டும். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் பெயர்த்துத் தமதென ஒப்படைக்கும் மாணவரை ஒப்புமை மென்பொருள் பெரும்பாலும் பிடிப்பதில்லை. வழி கூறாத வழிநூல் என்று மரபியல் கற்ற ஆசிரியர் அதனை இனங்காண்பார்.

2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' வெளிவந்தபின் கேள்வியே மாறிற்று. 2023 ஏப்ரலில் டர்னிட்டின், இயந்திரம் எழுதியதைக் கண்டறியும் கருவியை இணைத்தது. ஒப்புமை அறிக்கையில் மூலத்தைத் திறந்து பார்க்கலாம். இதிலோ காட்டுவதற்கு மூலமே இல்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அக்கருவியை நிறுத்திவைத்தது. 2022இல் அங்கு ஒப்படைக்கப்பட்டவை 75,000. நூற்றுக்கு ஒன்று தவறினாலும் 750 கட்டுரைகள் வீண்பழி ஏற்கும் என்பது அவர்களுடைய கணக்கு. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர், வேறு ஏழு கருவிகளிடம், ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் எழுதிய 91 டோஃபல் தேர்வுக் கட்டுரைகளைக் கொடுத்துப் பார்த்தனர். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியவை என்று அவை முத்திரை குத்தின. எளிய சொற்களும் திரும்பத் திரும்ப வரும் தொடர்களுமே காரணம். நம் மாணவர் பலரும் எழுதுவது அத்தகைய ஆங்கிலமே.

இன்று சில விரிவுரையாளர் இடுபணியோடு கைக்குறிப்புகளையும் முதல் வரைவையும் கேட்டுப் பெறுகின்றனர். சிலர் மாணவரை அறைக்கு அழைத்து, கட்டுரையின் ஒரு பத்தியை விளக்கச் சொல்லிக் கேட்கின்றனர். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இதற்கு ஒரு வாரம் செல்லும். இருநூறு பேர் வகுப்பில் இதற்கு நேரம் எங்கே என்று அவர்கள் நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.